பெட்டிக்குள் போன கசகசா

துபாயில் அக்காவுக்குப் பிரசவம்; நானும் அம்மாவும் கிளம்பினோம். விசா, காப்பீடு எல்லாம் என் பொறுப்பு. பெட்டி அம்மா கட்டியது. காரைக்குடியில் வாசலுக்கு வாடகைக் கார் வந்த பிறகுதான், அந்நாட்டில் தடைசெய்த பொருள்கள் எவையென்று செல்போனில் படித்தேன். கசகசா அங்கே போதைப்பொருளாம், சிக்கினால் சிறை!

“அம்மா, கறிமசாலாவுல கசகசா அரைச்சிருக்கியா?”

“அது இல்லாம என்னடி மசாலா? குழம்புப்பொடிக்கெல்லாமா ஜெயில்ல போடுவாக?”

“போடுவாகம்மா! பேரப்பிள்ளைய கம்பிக்கு உள்ள நின்னு பாக்கப்போறியா?”

பெட்டியிலிருந்து எடுத்த பொடி வீட்டிலேயே நின்றது.

துபாய் விமான நிலையத்தில் எங்கள் பெட்டியைத்தான் திறந்தார்கள். கசகசா உண்டா என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, “இல்லவே இல்லை” என்று நிமிர்ந்து சொன்னேன். சோதித்துவிட்டுச் சிரித்தபடி அனுப்பினார். மறுநாள் பேத்தியை அம்மா மடியில் வாங்கிக்கொண்டார்.

இப்போது டிக்கெட் எடுத்த கையோடு விதிகளைப் படித்துவிடுகிறேன். நான் தலையாட்டிய பிறகே அம்மா மசாலா அரைக்கிறார்.