மலையேறி வராத மருந்து

"செங்கல் நிறம்" என்றார் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். என் மகள் மைமூனின் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். சர்க்கரை இருந்தால் நிறம் மாறுமாம். மாறிவிட்டது.

ஈமான் கொண்ட சகோதரர்களே, இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. கொடைக்கானல் கடைவீதியில் எனக்குத் தேன் வியாபாரம். மைமூனுக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் சோர்ந்தே கிடந்ததால் டாக்டர் சோதிக்கச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நோய், ராவுத்தரே. காலத்துக்கும் தினம் ஊசி போடணும்" என்றார். மருந்து மதுரையிலிருந்து வர வேண்டும்.

நான் லேசில் யாரையும் நம்புகிறவன் இல்லை. மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி ஊர்க்காரர்கள் தேன் கொண்டுவந்தால் மோந்து, நக்கி, காகிதத்தில் சொட்டுவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அந்தப் புத்தி சும்மா இருக்குமா? பாட்டில் மாறிப்போயிருக்குமோ? காய்ச்சியவர் கவனம் எங்கே இருந்ததோ? டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் ஏதாவது ஏற்பாடோ? இப்படியெல்லாம் குடைந்தது. மனைவி ரஹ்மத்திடம் சொன்னேன்.

"புள்ளைய இந்த நெலமையில வச்சுக்கிட்டு சந்தேகம் ஒரு கேடாங்க? வெரசா மருந்துக்கு வழியப் பாருங்க" என்று அழுதாள்.

மருந்துக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றே மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பள்ளிவாசலில் சாயங்காலம் அஸர் தொழுகை முடித்துக் கையேந்தினேன். "யா அல்லாஹ், அந்த பஸ்ஸை மட்டும் மேலே ஏற்றிவிடு." மறுநாளும் பஸ் வரவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேட்டது இவ்வளவுதானே!

வெள்ளகவி வழியாக நடந்தே பெரியகுளம் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கு பஸ் பிடிப்பது என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் மருந்துச் சீட்டு வாங்க டாக்டரிடம் போனபோது மைமூனும் கூட வந்தாள். மேட்டில் எனக்கு முன்னால் ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் ஜன்னல் வழியே அவளையே பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தண்ணி தண்ணின்னு கேக்குறாளா? ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறாளா? இளைச்சிருக்காளா?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாளா நல்லா சாப்பிடுறா."

"அப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு. கலரு ஒண்ணு சொல்லுது, புள்ள வேற சொல்லுது. நம்ம கண்ணாடிக் குவளையில பிடிச்சு இன்னொரு தடவ பாத்துருவோம்."

சந்தேகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார்!

எங்கள் கண் முன்னாலேயே காய்ச்சினார்கள். நீலம் நீலமாகவே இருந்தது.

"முதல்ல எந்தப் பாட்டில்ல கொண்டாந்தீங்க?" என்று டாக்டர் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர் பட்டால் தேன் புளித்துவிடும். அதனால் தேன் கடைக்காரன் பாட்டிலைக் கழுவ மாட்டான். கவிழ்த்து வடித்து, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து அலமாரியில் அடுக்குவான். அந்த அலமாரியிலிருந்துதான் ரஹ்மத் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் கண்ட சர்க்கரை என் கடைத் தேன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இல்லாத நோய்க்கு அந்த ஊசியப் போட்டா, ஒடம்புல இருக்க வேண்டிய சர்க்கரையும் எறங்கிப்போகும். உசுருக்கே ஆபத்து. பஸ்ஸு வந்திருந்தா நேத்தே போட்டிருப்பேன், ராவுத்தரே."

நேரே பள்ளிவாசலுக்குப் போய் சஜ்தாவில் விழுந்தேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. அழுதேன், அழுதேன், அப்படி அழுதேன்.

இன்றும் யார் தேன் கொண்டுவந்தாலும் சந்தேகப்பட்டுத்தான் வாங்குகிறேன். அது போகாது. ஆனால் கடையில் ஒரு தட்டு முழுக்க வெந்நீரில் போட்டெடுத்த பாட்டில்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சும்மா எடுத்துப் போகலாம். மைமூனுக்குப் போன வருஷம் நிக்காஹ் ஆனது.

கேட்டது கிடைக்கவில்லையே என்று மனம் ஒடிந்து இதைப் படிக்கிறவர்களே, அல்லாஹ்வைச் சந்தேகப்படாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நான் பஸ்ஸைக் கேட்டேன். என் ரப்பு என் மகளைத் தந்தான்.