சிக்கரி வேர்

இன்று சிக்கரிக் கீரை அறுக்கையில் விரலில் ஒட்டிய கசப்புப் பால் புலம்பெயர்ந்து வந்த புதிதில் நாங்கள் இருந்த வோபர்ன் வீட்டை நினைவூட்டியது. இப்போது அங்கே கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது.

அங்கே ஒருநாள், பக்கத்து வீட்டு இத்தாலியர் ரோனி அங்கிள், தன் தோட்டத்துச் சிக்கரியில் வேண்டிய கீரையை எடுக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். இலையை மட்டும் அறுத்தால் அது மறுபடி தழைக்கும் என்று தெரியாத அம்மா, ஊரில் முளைக்கீரை பிடுங்குவதுபோல் முழு வரிசையையும் வேரோடு பிடுங்கி, வேரை வாளியில் போட்டுவிட்டு, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்துவிட்டார்.

பின்னேரம் வேலை முடிந்து வந்த ரோனி அங்கிள் வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"இனி மனிசன் எங்களோட கதைக்காது. போய்ச் சொல்லுங்கோவன்," என்றார் அம்மா.

"எந்த இங்கிலீசில?" என்றார் அப்பா.

ரோனி அங்கிள் மண்வெட்டியோடு வந்தார். வாளியில் கிடந்த வேர்களைப் பொறுக்கி, எங்கள் வளவில் புல்லைக் கொத்தி நட்டார். பிறகு கைகழுவிவிட்டு, எங்கள் குசினிக் கதிரையில் அமர்ந்து, மூன்று தரம் வறை கேட்டார்.