ஒரு தட்டு

இரும்புக் கிடங்கில் அவருக்கு ‘மேலேகீழே’ என்று பெயர். கூரைக்கடியில் சுவருக்குச் சுவர் ஊர்ந்து போகும் கிரேனை ஓட்டுவது அவர் வேலை. ஓட்டுவது என்றால் ஏறி உட்கார்ந்து அல்ல. கிரேனிலிருந்து தடித்த கறுப்பு ஒயர் ஒன்று இடுப்பு உயரம்வரை தொங்கும். அதன் நுனியில் மஞ்சள் பெட்டி, பெட்டியில் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று பொத்தான்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நாய்க்குட்டியைக் கூட்டிப் போகிறவர் மாதிரி கிரேனோடு கூடவே நடப்பார். கண் எப்போதும் கொக்கியில் இருக்கும். அவர் குனிந்து பெட்டியைப் பார்த்ததை யாரும் பார்த்ததில்லை.

இரும்புச் சுருளை லாரியில் இறக்கும்போது கடைசியில் ஒரு கை அகலம் மிச்சம் வைத்து நிறுத்திவிடுவார். ஆட்டம் அடங்கும். பிறகு ‘கீழே’ பொத்தானைப் பட்டும் படாமலும் ஒருமுறை தொடுவார். அத்தனை கனமும் பூனை உட்காருவதுபோல் உட்காரும். கிடங்குப் பேச்சில் இதற்கு ‘ஒரு தட்டு’ என்று பெயர். “இன்னும் ஒரு தட்டு, மேலேகீழே!” என்று லாரியின் மேலிருந்து கத்துவார்கள்.

வேலையில் இவ்வளவு நிதானமான மனிதருக்கு மனதில் மட்டும் பிரேக் கிடையாது. பொறாமை அவருக்கு ஒற்றைத் தலைவலி மாதிரி. வரும், இடிக்கும், போகும். கேட்டால் வெயில் என்பார். எதிர்வீட்டுக்காரர் புதுக் குடை வாங்கினால் இவருக்கு மழையே பிடிக்காமல் போய்விடும். “உங்க வயித்தெரிச்சல்ல ஒரு அடுப்பு எரிக்கலாம், கேஸ் மிச்சம்” என்பாள் மனைவி.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மனைவியின் தங்கை குடும்பம் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தது. தங்கையின் கணவர், அதாவது இவருடைய சகலை, நெடுந்தூர லாரி ஓட்டுநர். பாதி நாள் சாலையில்தான் இருப்பார். மச்சினிக்கு மருந்துக் கடையில் மாலை வேலை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் மகள் நேராக மேல்மாடிக்கு ஏறி வந்துவிடுவாள். பிறந்தபோது போர்வைக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதால் ‘புள்ளி’ என்று பெயர் வைத்தவரே இவர்தான். அவள் இவரைப் பெரியப்பா என்றாள். அந்தச் சொல்லுக்குள் ஓர் அப்பா இருப்பதையும், அது பெரியதாகவே இருப்பதையும் அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

அவளுக்கு முதல் ரயில் வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். பச்சை எஞ்சின், பின்னால் மூன்று பெட்டிகள், கட்டிலைச் சுற்றி வருகிற அளவுக்குத் தண்டவாளம், கையடக்கமாய் ஒரு ரிமோட். ரிமோட்டில் முன்னே, பின்னே, நில், கூ. கிடங்குச் சட்டம் கட்டிலடியிலும் செல்லும். “போலாமா?” என்று ஒருவர் கேட்க வேண்டும், “போலாம்” என்று மற்றவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பொத்தானில் விரல்.

நிறுத்துவதையும் சொல்லிக் கொடுத்தார். “ஸ்டேஷன்ல டக்குனு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் முன்னாடியே நிறுத்தணும். அப்புறம் ஒரு தட்டு.”

புள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினாள். ஓர் எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றாள்.

“எதுக்குடி?”

“நீங்கதான ஒரு தட்டுன்னீங்க?”

அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே பார்த்திருப்பார்கள். தட்டைத் தண்டவாளத்தின் ஓரமாக வைத்தார். அதுவே அவர்களுடைய ஸ்டேஷன் ஆயிற்று. ரயில் தட்டுக்கு முன்னால் நிற்கும், மூச்சுவிடும், ஒரு தட்டு, தட்டுக்கு நேராக வந்து சேரும். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு முறையும் இது புதிதாகச் சிரிப்பாக இருந்தது.

பிறகு சகலைக்கு ஊரோடு வேலை கிடைத்தது. அதே லாரி கம்பெனியின் அலுவலகத்தில், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்லும் வேலை. மாலையானால் வீடு. புள்ளி பள்ளி விட்டுக் கீழ்த்தளத்தோடு நின்றுகொண்டாள். மேலே ஏறி வரும் அவளுடைய காலடிச் சத்தம் படிக்கட்டிலிருந்து மட்டும் போகவில்லை. தேநீர் கொதிக்கும் நேரத்திலிருந்தும் போயிற்று.

“அப்பன் வந்துட்டான். பிள்ளை அப்பன்கிட்ட இருக்கு. இதுல என்ன தப்பு?” என்றாள் மனைவி.

“நான் என்ன தப்புன்னா சொன்னேன்?”

“சொல்லல. டம்ளரை வெச்ச சத்தம் சொல்லுச்சு.”

அப்புறம்தான் அந்தச் சிவப்பு ரயில் வந்தது. சகலை வாங்கியது. ரிமோட் கிடையாது, போனில் ஓட்ட வேண்டும். பார்க்கக் கூப்பிட்டார்கள், போனார்.

“பாருங்கண்ணே,” என்றார் சகலை. ஆள் நல்லவர். நல்லவராக இருந்ததுதான் இவருக்குப் பெரிய இடைஞ்சல், திட்டவும் வழியில்லை. “ஒரு ஆப் இறக்கிட்டாப் போதும். வேகத்தை இப்படித் தள்ளிக் கூட்டலாம், லைட் போடலாம். கூ சத்தமே ஆறு விதம்.”

“ஆறு விதமா கூவுறதுக்கு அது ரயிலா, சேவலா?”

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளி சிரிக்கவில்லை, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதான் நான் சொல்றது தம்பி. குனிஞ்சு போனையே பாத்துட்டிருந்தா ரயிலை யாரு பாக்குறது? ரிமோட்னா கை பாட்டுக்குக் கை, கண்ணு பாட்டுக்குக் கண்ணு.”

“அதுவும் சரிதாண்ணே. உங்க போன்லயும் போட்டு வெச்சுக்கங்க. நீங்களும் ஓட்டலாம்.”

“எனக்கு எதுக்கு அந்தக் கண்றாவி?”

புள்ளி நிமிர்ந்தாள். “பெரியப்பா, ரிமோட்ல பேட்டரி போயிட்டே இருக்கும். இது சார்ஜ் போட்டுக்கலாம்.”

அவள் சொன்னது உண்மை. குழந்தைகளின் உண்மைக்கு முனை மழுங்கியிருக்காது. அவர் மாடியேறி வந்து, கட்டிலடியில் கிடந்த பச்சை ரயிலைத் துடைக்கிறேன் என்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்றாவி என்றவர் மறுநாள் கிடங்குச் சாப்பாட்டு அறையில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து அந்த ஆப்பைப் போனில் இறக்கினார். ‘அனுமதிக்கவா?’ என்று அது கேட்ட எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தார். எதிராளி எந்தக் கத்தி வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லையே.

சில நாள் கழித்துக் கீழ்வீட்டுக் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கூடத்தில் யாரும் இல்லை. சிவப்பு ரயில் நெற்றி விளக்கோடு தண்டவாளத்தில் நின்றது. போனை எடுத்து ‘தேடு’ என்பதைத் தொட்டார். ‘இணைந்தது’ என்றது. ரயில் திடீரென்று “கூ!” என்று அலறியது. குடையைப் போட்டுவிட்டு அவர் படியேறிய வேகத்தில் செருப்பு ஒன்று பின்தங்கிவிட்டது. அன்றோடு அதை மறந்தும்விட்டார். போன் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சகலையின் அலுவலக மேனேஜர் தன் இரண்டு பையன்களோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது. பையன்களுக்கு ரயில் காட்ட வேண்டும். அக்கா வீட்டுக்கும் அழைப்பு. “தலைவலி, வரலேன்னு சொல்லிடறேன்” என்றார் இவர். “வந்தாத்தான உங்களுக்குத் தலைவலி” என்றாள் மனைவி, சட்டையை எடுத்துக் கொடுத்தபடி.

கூடம் முழுக்கத் தண்டவாளம். சோபாவை நகர்த்தி, சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்து, ஷூ அலமாரியைச் சுற்றி. மேனேஜரின் பையன்கள் குப்புறப் படுத்து எஞ்சினை முகர்ந்து பார்த்தார்கள். புள்ளி, “எங்கப்பா ஓட்டுவாரு பாருங்க” என்றாள். ‘எங்கப்பா’ இவர் காதில் சுருக்கென்று இறங்கியது.

சகலை போனைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். போனை அணைத்து உயிர்ப்பித்தார். ரயிலை அணைத்து உயிர்ப்பித்தார்.

“என்னமோ ‘வேறொரு கருவியோடு இணைப்பில் உள்ளது’ன்னு காட்டுது.”

“என்னப்பா இது, உன் ரயிலுக்கு ரெண்டு வீடா?” என்றார் மேனேஜர். சகலையின் காது சிவந்தது.

மேலேகீழேக்குள் ஏதோ ஒன்று இனிக்க இனிக்க இறங்கியது. இத்தனை மாதமாக வறண்டு கிடந்த இடம். “ரிமோட்டா இருந்தா இந்த வம்பே இல்ல,” என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. “பொத்தான்னா பொத்தான்.”

“அப்பா, ஓட்டுப்பா…” புள்ளியின் உதடு பிதுங்கத் தொடங்கியது. பையன்களில் ஒருவன், “ஓடாத ரயிலா?” என்றான். அதோடு அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

அப்போது சட்டைப்பையில் போன் மெல்ல அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ‘உங்கள் ரயில் தயார்’ என்றது.

அந்த ‘வேறொரு கருவி’ இவர் பையில்தான் இருந்திருக்கிறது. காற்று வாங்குகிறவர் மாதிரி பால்கனிக்கு நழுவித் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். துண்டித்துவிட வேண்டியதுதான். துண்டித்தால் சகலை ஜெயிப்பார். பரவாயில்லை, பிள்ளை அழுகிறது. ஆனால் துண்டிக்கிற பொத்தானைத்தான் காணவில்லை. போன் கண்ணாடியில் கட்டைவிரல் தடவித் தேடியது, வேகத்தைக் கூட்டும் கோட்டில் பட்டது.

உள்ளே ஒரே கூச்சல். “ஓடுது! ஓடுது!”

“பாத்தீங்களா சார், கொஞ்ச நேரம் பிடிக்கும்,” என்றார் சகலை. தன் போனில் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே, தானே ஓட்டுவதாக நம்பி. மேனேஜர் அவர் முதுகில் தட்டினார். புள்ளி கண்ணீர் காய்வதற்குள் துள்ளினாள். “எங்கப்பா! எங்கப்பா!”

உழுகிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன். மேலேகீழே பல்லைக் கடித்தார். நிறுத்திவிடலாம். விரல் நிறுத்தவில்லை. முதல் சுற்றில் ரயில் குலுங்கிக் குலுங்கி ஓடியது. கண்ணாடிக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை, விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் புரிந்தது. கண்ணைத் திரைச்சீலை இடுக்கு வழியே ரயிலில் வைத்தார், விரலை அதன் போக்கில் விட்டார். ஷூ அலமாரி வளைவில் வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்தார். ரிமோட்டில் இந்தத் துளிகள் கிடையாது. வெளியே சொல்ல மாட்டார், ஆனால் நன்றாக இருந்தது. தண்ணீரைத் தடவிக்கொடுப்பது மாதிரி இருந்தது. நன்றாக இருந்ததும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மேசைக்கடியில் காகிதப் பெட்டியால் செய்த ஸ்டேஷன். ரயில் நெருங்கியது. கை பழக்கத்தில் போயிற்று. ஸ்டேஷனுக்குச் சற்று முன்பே நிறுத்தினார். ரயில் மூச்சு வாங்கியது. பிறகு, ஒரு தட்டு.

ரயில் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தது.

புள்ளியின் துள்ளல் நின்றது. ரயிலைப் பார்த்தாள். அப்பாவின் விரலைப் பார்த்தாள். அது இன்னும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. சட்டென்று திரும்பிச் சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் உருளும் சத்தம். ஒரு தட்டோடு வந்து மேசைக்கடியில் தவழ்ந்து புகுந்து, தண்டவாளத்தின் ஓரமாக வைத்தாள்.

“தட்டு எதுக்குடி? பிஸ்கட்டெல்லாம் குடுத்தாச்சே,” என்றாள் அவள் அம்மா.

“பெரியப்பா ஓட்டுறாரு.”

“பெரியப்பா எங்கடி ஓட்டுறாரு? போன் அப்பா கையில இருக்கு.”

“இல்ல. பெரியப்பாதான்.” மேசைக்கடியிலிருந்து அவள் தலை மட்டும் வெளியே வந்து ஒவ்வொரு முகமாகத் தேடியது. பிறகு பால்கனித் திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்களில் நின்றது.

எல்லோரும் திரும்பினார்கள். மனைவி போய்த் திரையை விலக்கினாள். கையில் போனும், முகத்தில் ஒன்றுமில்லாமலும் அவர் நின்றார்.

“கண்றாவின்னு யாரோ சொன்னாங்களே,” என்றாள் மனைவி.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த ரெண்டாவது வீடு இதுதானா!” மச்சினி, “மாமா, கேட்டிருந்தா குடுத்திருப்போமே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. ஆனால் புள்ளி சிரிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. தட்டைச் சரியாக ரயிலுக்கு நேராக நகர்த்தி வைப்பதிலேயே இருந்தாள்.

சகலை தன் போனைப் பார்த்தார். ரயிலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

“அது என்ன தட்டு?” என்றார்.

 புள்ளி சொல்லியிருக்கலாம், அவளுக்கு அது சொல்லுகிற விஷயமாகத் தோன்றவில்லை.

“எனக்கு யாருமே சொல்லலையே, இந்தத் தட்டு சமாச்சாரம்,” என்றார் சகலை மறுபடி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தார்.

அந்தச் சத்தம் மேலேகீழேக்குத் தெரியும். மாதக்கணக்கில் தன் வீட்டில் தானே வைத்துவைத்துப் பழகிய சத்தம். நிமிர்ந்து பார்த்தார். சகலையின் முகத்தில் தான் சாக்குச் சொல்லும் அதே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலவும் இருந்தது. போய் அவர் தோளில் கையைப் போடலாம் போலவும் இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது. “போலாமா?”

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. “போலாம்” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

ரயில் ஒருவர் சொல்லுக்குத்தான் நகர்ந்தது. யார் சொல்லுக்கு என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.