எட்டு மாதப் பத்தியம்

தொழிற்சாலை கேன்டீன் சமையல்காரரின் மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தவர், கேன்டீனில் மதியம் மிஞ்சிய சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவளிடம் நீட்டினார். "உப்பு எப்படியிருக்குன்னு சொல்லு."

இருபத்திரண்டு வருடச் சமையலில் உப்பை அளந்து போடும் பழக்கம் அவருக்கு இல்லை. நாக்கு சொல்வதுதான் கணக்கு. ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி எட்டு மாதமாகிறது. முதல் மாதம் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. இப்போதோ ஊறுகாயை நினைத்தாலே முகம் சுளிக்கிறார். உடம்பு தேறிவிட்டது. கேன்டீனில்தான் தட்டுகள் பாதியோடு திரும்புகின்றன. கரண்டியால் அளந்து போட்டும் பார்த்தார். ருசி பார்த்ததும் கரிப்பதாகப் பட்டு, மனசு கேட்காமல் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்.

"மாஸ்டர், எங்களையும் நோயாளி ஆக்கிட்டீங்களா?" என்று இன்று ஒருவன் கேட்டான். இந்த வாரமும் இப்படியே போனால் வேறு ஆள் பார்ப்பதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். "கொஞ்சம் தூக்கலா இருக்குங்க."

எட்டு மாதமாக அவளும் தன்னோடு உப்புக் குறைந்த சாப்பாட்டையேதான் சாப்பிடுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உன்னை யாரு என்கூடப் பத்தியம் இருக்கச் சொன்னா?"

அவள் கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டுச் சமையலறையை விட்டுப் போனாள்.