களி கிண்டிக்கொண்டே செய்த ஜெபம்

சகோதரிகளே, என் புருஷன் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் நாளிலிருந்தே எனக்கு நிம்மதி போயிற்று. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்குப் பயந்து, தங்கச் சுரங்கம் இருக்கிற இந்த ஊரிகத்துக்கு வந்தோம். குடியிருக்கத் தட்டி வீடு கிடைத்தது. வயிற்றுக்கும் குறைவில்லை. ஆனால் அவர் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி இறங்கியதும் என் மனசும் கூடவே இறங்கிவிடும். சுரங்கத்துச் சங்கு ஊதினால் ஓடுவேன். ஊதாவிட்டால், ஏன் இன்னும் ஊதவில்லை என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, என் காது மட்டும் சுரங்க வாயான ஷாப்ட் பக்கமே இருக்கும். "ஆண்டவரே, இவரை அந்தக் குழியிலிருந்து வெளியே எடுத்துவிடும்." வேறு ஜெபமே எனக்கு இல்லை.

ஐப்பசி மாதம், அடைமழை. ஒருநாள் காலையில் ஷிப்ட் முடியாத வேளையில் சங்கு ஊதியது. ஈரச் சேலையோடு ஓடினேன். ஷாப்டைச் சுற்றி அதற்குள் கூட்டம். கீழே ஒரு லெவலில், சுரங்கத்தின் ஒரு தட்டில், பாறை சரிந்து வழியை அடைத்துவிட்டதாம். உள்ளே மாட்டியவர்களில் என் வீட்டுக்காரர் ஞானமுத்துவும் ஒருவர். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். பாறையை எடுத்தால்தான் தெரியும் என்றார்கள்.

ஜெபிக்க வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடிப்பேன், விடுவேன், அங்குமிங்கும் நடப்பேன். காவல்காரர் இரண்டு தரம் என்னை இழுத்து நிறுத்தினார்.

அப்போது என் கையைப் பிடித்தவள் அடுத்த வீட்டு நரசம்மா. என் வயசுக்காரி. போன வருஷம் அதே ஷாப்டில் புருஷனைப் பறிகொடுத்தவள். நம்ம சபைக்காரி இல்லை.

"சாராம்மா, இங்க நின்னுக்கினு இன்னா பண்ணப் போற?"

"என்னால போக முடியாது நரசு. கால் வரல."

"வரும், வா. கொழந்தைங்க பசியில அழுவுது. உள்ள பாறை எடுக்கிற ஆளுங்களும் காலையில இருந்து பட்டினி. நாம அடுப்புப் பத்த வச்சாத்தான் அவுங்க கையில வலுவு இருக்கும். அவுங்க கையிலதான் உன் ஊட்டுக்காரரு உசுரு கீது."

அவளே என்னை இழுத்துப் போனாள்.

விறகு நனைந்திருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. கடைசியில் ஒரு சுள்ளி பற்றியது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று என்னை அறியாமல் சொன்னேன். அத்தனை நேரம் வராத வார்த்தை அது! பானையில் தண்ணீர் இருந்தது. அதற்கும் ஸ்தோத்திரம். கேழ்வரகு மாவுக்கும், அழுகிற பிள்ளைகளுக்குக் குரல் இருப்பதற்கும், பானையைப் பிடித்துக்கொண்ட நரசம்மாவின் கைக்கும் ஸ்தோத்திரம். களி கிண்டும்போது கையை எடுக்க முடியாது. எடுத்தால் கட்டி தட்டிவிடும். ஓட முடியாமல் நின்றேன். துடுப்பை ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் அவர் பேரைச் சொன்னேன். பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தோடு நான் தனியாக இல்லை, அடுப்படியில் என் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தது.

உருண்டைகளைக் கூடையில் வைத்து இருவரும் சுமந்து போனோம். மேலே ஏறி வந்தவர்கள் நின்றபடியே விழுங்கிவிட்டுத் திரும்ப இறங்கினார்கள். கூடை காலியானதும் மறுபடி வீடு, மறுபடி அடுப்பு.

பொழுது சாயும் வேளையில் மணி அடித்தது. கேஜ் மேலே வந்தது. உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி, ஒரு கை தொங்க, ஒருவர் அதன் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணைப் பார்த்துத்தான் அவர் என்று அறிந்தேன்.

"சாரா, பசங்க துன்னுச்சிங்களா?" என்றார்.

"துன்னுச்சிங்க. நீங்க வாங்க" என்றேன்.

ஒருவர் மட்டும் உயிரோடு வரவில்லை. அவர் மனைவியும் அன்று என்னைப் போலவே அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றவள்தான். என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது அவள் வீட்டுக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். நானும் நரசம்மாவும் அவள் வீட்டு அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

முறிந்த கை கூடியதும் என் வீட்டுக்காரர் மறுபடி சுரங்கத்துக்குப் போனார். குழியிலிருந்து எடுத்துவிடும் என்று கேட்டேன். ஆண்டவர் அன்றைக்கு எடுத்துக் கொடுத்தார். தினமும் கொடுக்கிறார். அதைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தார். இப்போதும் சங்கு ஊதினால் பயம் வருகிறது. வரும்போது கைக்கு எது அகப்படுகிறதோ, விளக்குமாறோ குடமோ, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்குகிறேன். பெருக்கி முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிடுகிறது. சில நாள் ஆகாது. அன்றைக்குப் பாத்திரமும் துலக்குவேன்.

சகோதரிகளே, முழங்காலில் நின்றும் வார்த்தை வராதவர்கள் உங்களில் இருப்பீர்கள். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வையுங்கள். உங்களுக்கு முன்பே ஆண்டவர் அங்கே வந்திருப்பார். என் வீட்டுக்காரர் இப்போதும் கீழேதான் இருக்கிறார். அவர் வருவதற்குள் நான் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். போவதற்கு முன் என்னோடு சேர்ந்து ஒருதரம் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.