தொபியா தனக்கென்று செதுக்கிய பெட்டி

எருசலேமில் இறந்தவர் எலும்பைச் சேர்த்து வைக்கும் கல்பெட்டி என்றால் தொபியாதான். ஓர் எழுத்தும் படிக்காமல், கல்லுடைக்கும் குழியில் சில்லு பொறுக்கித் தொடங்கி, தன் கையாலேயே முன்னுக்கு வந்தவர். முப்பது வருஷத்தில் அவர் செய்த பெட்டி ஒன்றுகூட அளவு தப்பியதில்லை.

ஓய்வுநாளுக்கு முந்தின மத்தியானம். குகைக் கல்லறையில் ஒரு வருஷம் கிடந்து சதை உதிர்ந்த தகப்பனின் எலும்புகளை மெனாகேம் துணியில் சேர்த்து வைத்திருந்தான். தொபியா கொண்டுவந்த பெட்டியில் வைத்தால், தொடையெலும்பு நாலு விரல் வெளியே துருத்தியது.

"பெட்டி சின்னதாப் போச்சே, ஐயா!"

"என் பெட்டியா சின்னது? தொடையெலும்பு நீளந்தானே பெட்டி நீளம். எந்தத் தொடையை அளந்துட்டு வந்து சொன்னே?"

மெனாகேம் நெளிந்தான். "கல்லறைக்குள்ள போய் அப்பாவை அளக்க மனசு வரலை. என் தொடையைத்தான்..."

"அட முட்டாப்பயலே! உங்கப்பன் பனைமரமாட்டம் இருந்த மனுஷன். நீ உங்கம்மா மாதிரிக் குள்ளம். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியலையா?"

"பொழுது சாஞ்சா ஓய்வுநாள், ஒரு வேலையும் செய்யக் கூடாது. அப்பாவை இப்படித் துணியிலயே விட்டுட்டுப் போகவா? எலும்பை ஒடிக்கவும் கூடாதே."

புதுப் பெட்டி செதுக்க நாலு நாளாகும். தொபியா தலையில் அடித்துக்கொண்டே பட்டறைக்குப் போனார். தனக்கென்று இரண்டு வருஷமாக ஆறிதழ்ப் பூக்கள் செதுக்கி வைத்திருந்த பெட்டியைக் கழுதைமேல் ஏற்றி வந்தார். அவரும் நெட்டைதான். எலும்பு உள்ளே அழகாகப் படுத்தது.

மெனாகேம் தேம்பினான்.

"அழுததெல்லாம் போதும். பூ இருக்கிற பக்கத்தை வெளிய பார்க்கத் திருப்பி வை. செதுக்கினது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லு. அளவெடுத்தது யாருன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே!"