துடைத்த இடம்

சாம்ராஜுக்கு ஈரத்தைக் கண்டால் ஆகாது. மல்காஜ்கிரி வீட்டில் டீ டம்ளரின் வளையம் மேசையில் காய்வதற்குள் துணியோடு வந்து நிற்பார். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் உட்காருமுன் பெஞ்சைத் துடைப்பார், பக்கத்து ஆளின் இடத்தையும் சேர்த்து. "இவருக்குச் சோறு நக்கோ, வேணவே வேணாம், கையில ஒரு துணி இருந்தாப் போதும்" என்று மனைவி ஆனி கேலி செய்வாள். பேகம்பேட் விமான நிலையத்தில் தொடங்கி ஷம்ஷாபாத் வரை, முப்பத்தொரு வருடம் விமான என்ஜின் பார்த்த மனிதர். அவர் கை வைத்த என்ஜினில் வெள்ளைச் சட்டையோடு சாயலாம் என்று விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஜூனில் ஒரு கட்டாய உத்தரவு வந்தது. ஒரு வகை என்ஜினில் எரிபொருள் குழாய் இணைப்புகள் கசிகின்றன, குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்தே தீர வேண்டும் என்று. இணைப்பைச் சுத்தம் செய்து, என்ஜினை ஓட்டி நிறுத்தியபின் ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு இன்னொருவர் வந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் யாரும் அதைத் தொடக் கூடாது. இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் விமானம் பறக்கும்.

அப்படி ஒரு சோதனையில் முதல் ஆள் சாம்ராஜ். இரண்டாவது பிளெசி. சின்ன வயதில் சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் அவரிடம் வேத வசனம் ஒப்பித்த பெண். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. என்ஜின் நின்றதும் சாம்ராஜ் டார்ச் அடித்தார். கீழ் இணைப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஈரம். கழுவின திரவத்தின் மிச்சம் என்று நினைத்தார். நினைத்தாரா என்பதே சந்தேகம். கை தன் பாட்டுக்குத் துடைத்துவிட்டது. பிளெசி ஏணியில் ஏறி வந்தபோது இடம் காய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் அந்த விமானம் வானத்தில் இருக்கும்போது ஒரு பக்க எரிபொருள் மளமளவென்று குறைந்தது. விமானி அந்த என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து இறக்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கீழ் இணைப்பிலிருந்து மட்டும் ஒழுகிக் கொண்டிருந்தது.

விசாரணையில் சாம்ராஜ், "காய்ஞ்சிருந்தது சார்" என்றார். பொய் இல்லையே என்று தன்னையே தேற்றிக் கொண்டார். தப்பைப் பிடிக்கத்தானே இரண்டாவது ஆள் என்று பிளெசியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். லைசென்ஸே போகும் என்று பேச்சு அடிபட்டது. சாம்ராஜுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி. ரிட்டயராக எட்டு மாதம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது?

பதினெட்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பிளெசி வீட்டுக்குப் போனார்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேம்மா. ஈரம் இருந்தது. நாந்தான் தொடச்சேன்."

பிளெசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும். நான் ஏறி வரப்போ துணி உங்க கையில இருந்துச்சு. உங்க கையில எப்பதான் துணி இல்ல? அதான் கேக்காமக் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு."

"விசாரணையில சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம் வரைக்கும் நம்பிக்கை இருந்துச்சு." எழுந்து உள்ளே போனாள். "டீ போடறேன். குடிச்சிட்டுப் போங்க, சார்."

ஹேங்கரில்கூட அவரை அங்கிள் என்று கூப்பிட்டவள்.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்தார். துணியை அவள் பார்த்த விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிளெசிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சாம்ராஜின் லைசென்ஸ் போனது. அதற்கு அவர் அழவில்லை. அழுததெல்லாம் முந்தின சாயங்காலம், அந்த டீயைக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தபோதுதான்.